பழைய சேலையும் கோடித்துண்டும்

பழைய சேலைகளைக்கொண்டு போர்வை தைக்கும் முறையை எழுதித் தரும்படி எங்கள் சபைச் சகோதரிகள் சிலர் பலமுறை கேட்டுக்கொண்டார்கள். தைக்கக் கற்றதைவிடத் தைத்துக் கெடுத்ததே எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆகையால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

1994-ஆம் ஆண்டு திருமணமாகி நெல்லைச் சீமையிலிருந்து பம்பாய்க்கு வந்தபோது, தாராவியில் பத்துக்குப் பன்னிரண்டடியில் எங்களுக்கு ஓர் அறை கிடைத்தது. பிள்ளைகள் பிறந்தபின் ஐந்து பேரும் தரையில்தான் படுத்தோம். மழைக்காலத்தில் தரையின் ஈரம் பாயைக் கடந்து எலும்பில் ஏறும். பக்கத்து அறையில் இருந்த மராட்டிய மூதாட்டி, பழம்புடவைகளை அடுக்கித் தைத்த கோதடியை விரித்துப் படுப்பார். மாவ்ஷி என்று அவரை அழைப்போம். இந்த வேலையைக் கற்றுத் தந்தவர் அவரே. அவருக்குத் தமிழ் தெரியாது; எனக்கு அப்பொழுது மராட்டி தெரியாது. தவறாகத் தைத்தால் ஒன்றும் சொல்லாமல் பிரித்துவிட்டு, ஊசியைத் திரும்ப என் கையில் கொடுப்பார்.

கணக்கு எளிது. ஐந்தரை மீட்டர் பருத்திச் சேலையை நீளத்தில் மூன்றாகப் பிரித்தால் ஒவ்வொரு துண்டும் ஆறடி வரும். மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒருவர் படுக்க ஒரு கோதடி. முழுதும் கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள். ஓரத்தில் சிறிது கத்தரித்துவிட்டுக் கையால் கிழித்தால், இழையோடு நேராகக் கிழியும். அதற்குமுன் சேலையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மறுபக்கம் இருக்கும் விரல்கள் தெரிகிற அளவு மெலிந்திருந்தால், அந்தத் துண்டு நடு அடுக்குக்குத்தான் ஆகும். அடுக்கிய துணியைச் சுருக்கமின்றி நீவி, பெரிய இழைகளாகத் தற்காலிகத் தையல் போட்டுக்கொள்ளவேண்டும். பின்பு ஓரத்தில் தொடங்கி, நான்கு பக்கமும் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வரும்படி ஓட்டுத் தையல் போடவேண்டும். வரிகளுக்கிடையே ஒரு விரற்கடை போதும்.

பாலியெஸ்டர் நூல் வேண்டாம். பழைய பருத்தியைவிட அது பலமானது. இழுபடும்போது தான் அறாமல் துணியை அறுத்துவிடும். பருத்தி நூலையே இரட்டையாகக் கோத்து, மெழுகுவர்த்தியின்மேல் ஒருமுறை இழுத்துக்கொண்டால் சிக்காது. கை நீளத்துக்கு மேல் நூல் எடுப்பவர்கள் சோம்பேறிகள் என்பது மாவ்ஷியின் தீர்ப்பு. நானும் அவ்வப்போது சோம்பேறியே. தையற்கூடங்களிலிருந்து கழிவுத் துண்டுகள் வாங்கிச் சேர்ப்பவர்கள், அவற்றில் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்க்கவேண்டும். பருத்தி காகிதம்போல எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கறுத்த மணியாக இறுகும்.

இனி, கெடுத்த கதை.

என் மாமியார் ஊர்க் கோவிலிலேயே வளர்ந்து, அங்கேயே தாலி பூண்டவர். 2001-ஆம் ஆண்டு நான் ஞானஸ்நானம் பெற்று, தாலி உட்பட நகைகளைக் கழற்றிய நாள்முதல் அவர் என்னோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. நானும் என் விசுவாசத்தை அவரிடம் தாழ்மையாய்ச் சொல்லவில்லை, வாதாடினேன். 2009-ஆம் ஆண்டு மே மாத விடுமுறையில் ஊருக்குப் போனபோது, ஊதா நிறக் கைத்தறிச் சேலை ஒன்று வாங்கி, முந்தானைக்கு நானே குஞ்சம் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிய அத்தை பிரித்துக்கூடப் பார்க்காமல் கட்டில்மேல் வைத்துவிட்டார். அதன்பின் ஊருக்குப் போனபோதெல்லாம் அந்தச் சேலையில் அவரை நான் கண்டதில்லை.

2018-ஆம் ஆண்டு அத்தை மரித்தார். அடக்க ஆராதனைக்குப்பின் மதினி, அத்தையின் சேலைகள் ஆறை மூட்டையாகக் கட்டி என்னிடம் கொடுத்தார்கள். மறுவருடம் மழைக்காலத்தில், மேலே இருந்த இரண்டு சுங்குடிச் சேலைகளை எடுத்து, என் கணவருக்காக ஒரு கோதடி தைத்தேன். அழகாயிருக்கட்டும் என்று, கடையில் வாங்கிய புதிய சிவப்புப் பருத்தித் துணியை நனைக்காமலே நாற்புறமும் கரையாக வைத்தேன். கைப்பிடி உப்புப் போட்டுத் துவைத்தால் சாயம் இறங்காது என்றும் நம்பினேன்.

முதல் துவைப்பிலேயே சிவப்புக் கரை சுருங்கிற்று. கோதடி முழுவதும் முட்டைக்கோஸ் இலைபோலச் சுருண்டு, மூன்று இடங்களில் பழந்துணி தையலோடு பிய்ந்தது. சுங்குடியின் வெள்ளைப் புள்ளிகளிலெல்லாம் சிவப்பு ஏறிவிட்டது. என் கணவர் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பாரமாயிருந்தது.

கோடித்துண்டைப் பழைய வஸ்திரத்தில் இணைப்பதைப்பற்றி ஆண்டவர் சொன்ன உவமையின்மேல் எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறேன். ஒருநாளும் துணியை நான் நினைத்ததில்லை. நெசவின்போது இழுபட்டு நிற்கும் புது நூல், தண்ணீர் பட்டவுடன் தளர்ந்து சுருங்குகிறது. பல வருடம் துவைத்த துணி சுருங்கி முடிந்துவிட்டது. ஆகையால் புதுத் துணி சேர்க்க வேண்டுமானால் ஓர் இரவு முழுவதும் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, பெட்டி போட்ட பிறகே வெட்டுங்கள். சாயத்துக்கு உப்பை நம்பவேண்டாம். ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால், தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள், அல்லது அதை விலக்கிவிடுங்கள்.

நான்கு இரவுகள் உட்கார்ந்து சிவப்புக் கரையைப் பிரித்தேன். கிழிந்த இடங்களில் பழந்துணியையே வைத்துத் தைக்க எண்ணி, மூட்டையில் மீதியிருந்த சேலைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்தேன். கடைசிச் சேலை மிகவும் வெளிறியிருந்தது. உடுத்தி உடுத்தி நடுப்பகுதி சல்லடையாகிவிட்டது. இரண்டு இடங்களில் அத்தை தம் கையால், இழைக்கு இழை பின்னி அடைத்திருந்தார். முந்தானையில் குஞ்சம் இருந்தது. முடிச்சைப் பார்த்ததும் என் முடிச்சு என்று தெரிந்துகொண்டேன்.

மதினியிடம் போனில் கேட்டேன். "வீட்டில் அம்மா அதைத்தானே உடுத்துவார்கள்? நீங்கள் வரும்போது மட்டும் மாற்றிக்கொள்வார்கள்" என்றார்கள்.

அதைக் கிழிக்க எனக்குக் கை வரவில்லை. கிழிந்த கோதடியை வேறொரு சுங்குடித் துண்டால் ஒட்டி முடித்தேன். மூன்று மாதம் கழித்து என் கணவர்தான், "பரணில் வைத்தால் பூச்சி அரிக்கும், தைத்துவிடு" என்றார்கள். ஜெபித்துவிட்டு, ஓரத்தைக் கத்தரித்துக் கிழித்தேன்.

மெலிந்த துணியை நடு அடுக்கில் வையுங்கள் என்று மேலே எழுதினேன். அதையே செய்யுங்கள். நான் மட்டும் அந்த ஊதாச் சேலையை மேல் அடுக்கில் வைத்தேன். வருடத்துக்கு இரண்டு முறையாவது எங்கேனும் பிய்கிறது. அத்தை அடைத்த இரண்டு இடங்களும் இன்னும் அப்படியே இருக்கின்றன. அவற்றைச் சுற்றி நான் தைத்துக்கொண்டிருக்கிறேன்.