மெலட்டூரில் நரசிம்மர் தோன்றும் இரவு

தஞ்சை மாவட்டத்து மெலட்டூரில், ஆண்டுதோறும் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி வரதராஜப் பெருமாள் சந்நிதி முன்பாகப் பாகவத மேளா நடைபெறுகிறது. தஞ்சையை ஆண்ட அச்சுதப்ப நாயக்கர் அந்தணக் குடும்பங்களுக்கு நிலமளித்துக் குடியமர்த்திய ஊர் இது. 18ஆம் நூற்றாண்டில் இங்கு வாழ்ந்த வேங்கடராம சாஸ்திரிகள் தெலுங்கில் இயற்றிய நாட்டிய நாடகங்களே இன்றும் ஆடப்படுகின்றன.

ஜயந்தியன்று இரவு ‘பிரகலாத சரித்திரம்’. முதலில் கோணங்கி ஆடி வந்து அவையோரை அமைதிப்படுத்துவான். பின்னர் விநாயகர் வேடமிட்ட சிறுவன் தோன்றி ஆசி வழங்குவான். பிரகலாதனின் தாய் லீலாவதியாக வருபவரும் ஆண்மகனே. பூஜையில் வைத்து வணங்கப்படும் நரசிம்ம முகத்தை அணிபவர் அன்று உபவாசம் இருப்பார். பொழுது புலரும் வேளையில் அவர் ஆவேசமுற்று எழும்போது மற்றவர்கள் பற்றிக்கொள்வார்கள். கூடியிருப்போர் கரம் குவிப்பார்கள்.

நடிப்போர் தொழில்முறைக் கலைஞர் அல்லர். நிலமும் மானியமும் கைவிட்டுப்போன பின், பிழைப்புக்காக வெளியூர்களில் குடியேறியவர்களே விடுப்பெடுத்து வந்து வேடம் தாங்குகின்றனர். இடைக்காலத்தில் நலிந்த இக்கலை மீண்டெழ ஈ. கிருஷ்ண ஐயர் பெரிதும் துணைநின்றார். எனினும், தந்தை ஆடியதை மகன் கற்றால்தான் அடுத்த ஆண்டும் தூண் பிளக்கும். அதையே காணிக்கையாகக் கருதி, அவ்வூர்ப் பிள்ளைகள் இன்றும் சலங்கை கட்டுகின்றனர்.