அறுபத்தைந்து மைல் வேகத்தில்

என் மகள் குடும்பம் அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தின் நடுவேயுள்ள பிரெஸ்னோ நகருக்கு அருகே வசிக்கின்றது. அவளுடைய பேறுகாலத்தை முன்னிட்டு நானும் என் மனைவியும் அங்கே சென்று ஆறு மாதம் தங்கியிருந்தோம். வாதுமைத் தோப்புகளும் திராட்சைத் தோட்டங்களும் கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடக்கும் சமவெளி அது. மழை குறைவு, கிணற்று நீரும் கால்வாய் நீருமே பயிர்களுக்கு உயிர். அத்தோட்டங்களின் பம்புகளைப் பழுதுபார்ப்பதுதான் என் மருமகனின் தொழில்.

நாங்கள் சென்று இறங்கிய வாரத்தில்தான் அவர் புது வண்டி வாங்கியிருந்தார். அந்நாட்டில் அதனைப் பிக்கப் டிரக் என்பார்கள். முன்னே குடும்பத்தோடு அமரும் அறை. பின்னே சாமான் ஏற்றும் திறந்த தொட்டி. இவர் வாங்கியது கனரக வகை. வெற்று வண்டியே மூன்று டன்னுக்கு மேல். சக்கரம் ஒன்றுக்கு எட்டு போல்ட். ஆறு ஆண்டுகள் தவணை கட்டவேண்டும் என்று மகள் மெல்லிய குரலில் சொன்னாள். ஆயினும் மருமகன் அந்த வண்டியைத் துடைத்த அழகைப் பார்த்தால், ஊரில் புது மாடு வாங்கியவன் அதன் முதுகைத் தடவிக் கொடுப்பது போலத்தான் இருந்தது.

முதல் ஞாயிறன்று எங்களை ஏற்றிக்கொண்டு 99-ஆம் எண் நெடுஞ்சாலையில் தெற்கு நோக்கிச் சென்றார். வேகம் 60 மைலைத் தாண்டியதும் இருக்கையின் அடியில் ஒரு நடுக்கம் தோன்றிற்று. 65-இல், அதாவது நமது கணக்கில் ஏறத்தாழ 105 கிலோமீட்டர் வேகத்தில், அது தொடையையும் முதுகையும் உலுக்கியது. 72-ஐத் தாண்டினால் தணிந்தது. ஏழாம் மாதத்திலிருந்த என் மகள் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு, “அப்பா, நான் இனி இந்த வண்டியில் ஏறமாட்டேன்” என்றாள். மருமகன் ஒன்றும் பேசவில்லை. திரும்பும்போது வண்டியை 55-க்கு மேல் விடவேயில்லை.

மறுநாளே விற்பனை நிலையத்துக்குச் சென்றார். அங்கிருந்தவர் வண்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, “இது பாரம் சுமக்கப் பிறந்த வண்டி, காரைப்போல் மிதக்காது. தவிர, சாலையும் பழைய கான்கிரீட் சாலை” என்று சொல்லி அனுப்பிவிட்டார். பணிச்சீட்டில், வாடிக்கையாளர் கூறிய குறை காணப்படவில்லை என்று எழுதியிருந்தது.

இங்கே என் பிழையைச் சொல்லியாக வேண்டும். இருபத்தெட்டு ஆண்டுகள் பேருந்துப் பணிமனையில் உழைத்தவன் நான். பெண் கொடுத்த வீட்டில் தங்கியிருக்கும் மாமனார் வாயை அடக்கிக்கொண்டிருப்பதே மரியாதை என்று முதலில் பேசாமல்தான் இருந்தேன். ஆனால் அவர் வாடிய முகத்தோடு வந்து உட்கார்ந்தபோது என் தொழிற்கர்வம் சும்மா இருக்கவில்லை. “மாப்பிள்ளை, ஐயமே வேண்டாம், இது புரொப்பெல்லர் ஷாப்ட். இரண்டு துண்டாக இருக்கும் நீள ஷாப்டில் சென்டர் பேரிங்கோ கிராஸோ சரியாக உட்காராவிட்டால் இப்படித்தான் அதிரும். எத்தனை பஸ்ஸில் பார்த்திருக்கிறேன்!” என்றேன். வண்டியின் அடியில் குனிந்துகூடப் பார்க்காமல் சொன்ன தீர்ப்பு அது.

அவர் என் சொல்லை அப்படியே கொண்டுபோய் அங்கே வைத்தார். அவர்கள் ஷாப்டைச் சோதித்தார்கள். ஒரு குறையும் இல்லை. குற்றம் என்னவென்று நாமே சொல்லிவிட்டதால், அது இல்லை என்றானதும் சீட்டை மூடிவிட்டார்கள். இரண்டு நாள் வேலை கெட்டது. அவர் அங்கே குரலை உயர்த்திப் பேசினாராம். அதனால் விளைந்த நன்மை ஏதுமில்லை. “நான்தான் வீணாகச் சந்தேகப்படுகிறேனோ, மாமா?” என்று அன்றிரவு கேட்டார். அந்தக் கேள்வி என்னை உறங்கவிடவில்லை. அவருடைய சொந்த உடம்பு உணர்ந்ததை அவரே நம்பாதபடி செய்ததில் எனக்கும் பங்கு உண்டல்லவா?

மறுநாள் காலையில் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் கேட்டேன். “மாப்பிள்ளை, நான் அவசரப்பட்டுவிட்டேன். பழுது எதுவென்று இனி நாம் சொல்லவேண்டாம். எப்போது, எங்கே, எவ்வளவு என்று மட்டும் எழுதுவோம்” என்றேன். அவர் சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

முதலில் டயர்களின் காற்றைப் பார்த்தோம். ஓட்டுநர் கதவைத் திறந்தால் அருகிலுள்ள தூணில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும்; முன் சக்கரத்துக்கு எவ்வளவு, பின் சக்கரத்துக்கு எவ்வளவு என்று அதில் கண்டிருக்கும். தொலைதூரம் ஏற்றி அனுப்பும் புது வண்டிகளுக்குக் காற்றை மிகுதியாக அடைத்து வைப்பதுண்டு. விற்பவர் குறைக்க மறந்தால் வண்டி கல்லாக ஓடும். எங்கள் வண்டியில் முன் சக்கரங்களில் அப்படித்தான் இருந்தது. அதைச் சரிசெய்ததும் ஓட்டம் சற்று மென்மையாயிற்று. நடுக்கம் மட்டும் போகவில்லை. பல மாதம் ஒரே இடத்தில் நின்ற வண்டியின் டயர் தரையில் படிந்த பக்கம் தட்டையாகிவிடும் என்பதும் நினைவுக்கு வந்தது. லேசான தட்டையென்றால் அரைமணி நேரம் ஓடிச் சூடேறியபின் நீங்கிவிடும். ஒரு மணி நேரம் ஓட்டியும் எங்களுக்கு மாறவில்லை. எழுதிக்கொண்டோம்.

பிறகு விடியற்காலையில், சாலை வெறிச்சோடிக் கிடந்தபோது சென்றோம். 65 மைலிலேயே ஒரு கியர் குறைத்து ஓட்டினார். எஞ்சினின் சுழற்சி கூடிற்று. அதிர்வு அப்படியே இருந்தது. மீண்டும் அதே வேகத்தில், இம்முறை நியூட்ரலில் விட்டார். (ஆளில்லாத நேர்ச்சாலையில், பழகிய கை செய்யவேண்டியது இது, எஞ்சினை அணைத்துவிடக் கூடாது.) எஞ்சின் தணிந்தது, அதிர்வு தணியவில்லை. ஆகவே எஞ்சினை விட்டுவிட்டோம். ஸ்டீயரிங் அமைதியாக இருக்க, இருக்கை மட்டும் குலுங்கியதால் கோளாறு பின்பக்கம் என்றும் தோன்றிற்று. ஆனால் பின்பக்கத்தில் சக்கரமும் உண்டு, என் பிரியத்துக்குரிய ஷாப்டும் உண்டு.

இங்கேதான் கணக்கு கைகொடுத்தது. இக்காலத்துக் கைப்பேசியில் அசைவை அளக்கும் கருவி ஒன்று உள்ளேயே இருக்கிறது. நொடிக்கு எத்தனை அதிர்வு என்று அதனைக்கொண்டு காணலாம். மருமகன் அதை இருக்கையின் தண்டவாளத்தில் கட்டிவைத்தார். அந்த டயரின் உயரம் ஏறத்தாழ 33 அங்குலம். ஒரு மைலுக்குச் சுமார் 630 சுற்று சுற்றும். 60 மைல் வேகமென்றால் நிமிடத்துக்கு ஒரு மைல். எனவே நிமிடத்துக்கு 630 சுற்று, நொடிக்குப் பத்தரை. 65 மைலில் பதினொன்றுக்குச் சற்றே மேல். அவர் வண்டியின் கிரவுன்-பினியன் விகிதம் 3.73. சக்கரம் ஒரு முறை சுற்ற ஷாப்ட் அத்தனை முறை சுற்றவேண்டும்; 65-இல் அது நொடிக்கு 42.

கைப்பேசியில் பார்த்தோம். 42-இல் ஒன்றுமில்லை. 11-இல் ஓர் உச்சி, மலைபோல் நின்றது. நான் பணிமனையில் பெற்ற அனுபவமெல்லாம் அந்தச் சிறு கோட்டின் முன் தலைகுனிந்தது. சக்கரம்தான்!

வேறொரு வேடிக்கையும் அதில் தெரிந்தது. கான்கிரீட் பகுதியில் ஓடும்போது 6-இன் அருகே இன்னொரு சிறு உச்சியும் எழுந்தது. தார்ச்சாலைக்கு வந்ததும் மறைந்தது. கான்கிரீட் பாளம் ஏறத்தாழ 15 அடி நீளமென்று கொண்டால், 65 மைல் வேகத்தில் நொடிக்கு ஆறு இணைப்புகளைக் கடக்கிறோம். சாலையைக் குறைசொன்ன விற்பனைக்காரர் பொய் சொல்லவில்லை. இரண்டு நடுக்கங்களில் சிறியதை மட்டும் கண்டுகொண்டார். இன்னொன்றும் அப்போது விளங்கிற்று. மருமகன் வேலை நாட்களில் பம்புகளை இழுவண்டியில் வைத்து இழுத்துச் செல்வார். இழுவண்டி பூட்டிய வாகனத்துக்குக் கலிபோர்னியாவில் 55 மைலுக்கு மேல் அனுமதியில்லை. ஆகையால்தான் வாரம் முழுவதும் வண்டி சாதுவாக இருந்து, குடும்பத்தோடு புறப்படும் நாளில் மட்டும் ஆடிற்று. ஊருக்குள் மெதுவாக ஓட்டிப் பார்த்தவருக்கு அது எங்ஙனம் புலப்படும்?

கடைசிச் சோதனையாகப் பின் சக்கரங்களை முன்னும், முன்னவற்றைப் பின்னும் மாற்றிப் பூட்டி, காற்றையும் அதற்கேற்ப மாற்றினோம். அன்று மாலை நடுக்கம் இருக்கையைவிட்டு ஸ்டீயரிங்குக்கு வந்துவிட்டது. மருமகன் கைகளைப் பார்த்துச் சிரித்தார். நெடுநாளைக்குப் பின் நான் கண்ட சிரிப்பு.

இம்முறை நிலையத்துக்கு நோட்டுப் புத்தகத்தோடு சென்றார். நானும் உடன் சென்று, பேசாமல் நின்றேன். எந்தப் பாகத்தையும் அவர் குற்றஞ்சாட்டவில்லை. 62 முதல் 70 மைல் வரை, தார்ச்சாலையிலும், நியூட்ரலிலும், நொடிக்குப் பதினொன்று, சக்கரத்தை மாற்றினால் இடம் மாறுகிறது என்று மட்டும் படித்தார். அதை அப்படியே பணிச்சீட்டில் எழுதும்படி பணிவாகக் கேட்டார். அந்தச் சீட்டுக்கு அங்கே மதிப்பு உண்டு. நியாயமான அளவு முயன்றும் பழுதைத் தீர்க்க இயலாத உற்பத்தியாளர் வண்டியை மாற்றித் தரவோ திரும்பப் பெறவோ வேண்டும் என்று கலிபோர்னியாவில் 1970 முதல் சட்டம் இருக்கிறது. எல்லா எடைக்கும் எல்லா உபயோகத்துக்கும் அது ஒன்றுபோல் பொருந்துவதில்லை. ஆயினும், பொருந்தும் இடத்தில் பேசுவது இத்தகைய காகிதங்களே. பணியாளர் இருமுறை படித்தார். பிறகு மேற்பார்வையாளரை அழைத்து வந்தார்.

சாதாரண பேலன்சிங் இயந்திரம் சக்கரத்தின் எடை ஒருபக்கம் சாய்கிறதா என்றுதான் பார்க்கும். கட்டி வைத்து அதைச் சமன்செய்துவிடலாம். (நம் பக்கம் ஈயக்கட்டி என்போம், கலிபோர்னியாவில் 2010 முதல் சக்கரத்துக்கு ஈயம் வைக்கத் தடை.) ஆனால் எடை சமமாயிருந்தும் டயர் ஓரிடத்தில் விறைப்பாகவும் ஓரிடத்தில் தளர்வாகவும் இருக்கக்கூடும். அதைக் காண, சுழலும் டயரின்மேல் ஓர் உருளையைப் பாரத்தோடு அழுத்திப் பார்க்கும் வேறோர் இயந்திரம் இருக்கிறது. அதில் ஏற்றியபோது இரண்டு சக்கரங்கள் அகப்பட்டன. ஒன்றில் டயரைக் கழற்றி, அதன் மேடான இடம் ரிம்மின் பள்ளமான இடத்தில் பொருந்தும்படி திருப்பிப் போட்டதுமே அளவுக்குள் வந்தது. மற்றொன்று எப்படித் திருப்பியும் அடங்கவில்லை. டயர்க் கம்பெனியின் உத்தரவாதத்தில் புது டயர் கொடுத்தார்கள். ஒரு காசும் வாங்கவில்லை.

அடுத்த ஞாயிறு மகள் தயங்கித் தயங்கி ஏறினாள். 60 வந்தது, 65 வந்தது, 70-உம் வந்து போயிற்று. சற்று நேரத்தில் அவள் தாயின் தோளில் சாய்ந்து உறங்கிவிட்டாள். பழைய கான்கிரீட் பகுதி வந்ததும் அடியில் லேசாகத் தடதடவென்று கேட்டது.

“மாமா, அந்த ஆறு இன்னும் இருக்கிறது” என்றார் மருமகன்.

“இருக்கட்டும் மாப்பிள்ளை. அது அரசாங்கத்தின் கணக்கு” என்றேன்.