எந்தப் பூவின் தேன்?

விதை உறையின் மேல் சிவப்பாக, வாணம் வெடித்துச் சிதறிய மாதிரி ஒரு பூ. பெயர் பீ பாம். வைத்தால் தேனீ தேடி வரும் என்று போட்டிருந்தது. பூதப்பாண்டி வீட்டுப் புறவாசலில் நின்ற களையை எல்லாம் பிடுங்கிப் பாத்தி கட்டி விதைத்தேன். முளைத்து ஒரு சாண் வளர்ந்தது. இடவப்பாதி மழை பிடித்த பத்தாம் நாள் இலைகள் திருநீறு பூசியதுபோல் வெளுத்தன. அடுத்த வாரம் பாத்தி காலி.

செத்த செடியின் பூர்வீகத்தைத் தேடிப் படித்தேன். ஊர் வட அமெரிக்கா. மொனார்டா என்ற தாவரவியல் பெயர், 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் செவில் நகரில் வைத்தியம் பார்த்த நிக்கோலாஸ் மொனார்டெஸ் பெயரால் வந்தது. அமெரிக்க மூலிகைகளைப் பற்றிப் புத்தகமே எழுதியவர், அந்தப் பக்கம் போனதே கிடையாது. (நானும் ஏறக்குறைய அப்படித்தான் தோட்டம் போட்டிருக்கிறேன்.) அந்தச் சிவப்புப் பூவின் குழல் ஒரு அங்குலத்துக்கு மேல் நீளம். ஹம்மிங் பறவையின் அலகுக்கு வாய்த்தது. நம்மூர் தேனீயின் நாக்கோ அரை சென்டிமீட்டர் அளவுதான். பூத்திருந்தாலும் எட்டியிருக்காது.

அப்படியானால் இத்தனை காலம் நாங்கள் வாங்கித் தின்கிற மார்த்தாண்டம் தேன் எந்தப் பூவினுடையது? நெல் விளைச்சலையே கன்னிப்பூ, கும்பப்பூ என்று சொல்கிற ஊர்க்காரனுக்கு இது தெரியவில்லை என்பது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

தை மாதக் கடைசியில் குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போனேன். ஐம்பது வருடமாகத் தேனீப்பெட்டி வைத்திருக்கிற பெரியவர் ஒருவர் அங்கே இருந்தார். எந்தப் பூ என்று கேட்டதும் சிரித்தார்.

"பூவுல என்ன மக்கா இருக்கு? இங்க வந்து நக்கிப் பாரு."

தாழ்ந்த கொப்பு ஒன்றை வளைத்துப் பிடித்தார். மார்கழியில் இலை உதிர்ந்த மரம் புதுத்தளிர் விட்டிருந்தது. ரப்பர் இலை மூன்று மூன்றாகத்தான் இருக்கும். அந்த மூன்றும் காம்போடு சேருகிற இடத்தில் கடுகளவு மேடுகள். அவற்றின் மேல் பளபளவென்று ஈரம். விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். சுத்தமான இனிப்பு. பக்கத்துக் காம்பில் ஒரு தேனீ, எங்களைச் சட்டை பண்ணாமல் உறிஞ்சிக்கொண்டிருந்தது. எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துத் தேனில் பெரும்பங்கு இப்படி இலைக்காம்பில் ஊறியது. பூவுக்கு அதில் பங்கே இல்லை.

அந்த மரமும் வந்தேறிதான். 1876-இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை சில ஆயிரம். கன்றுகள் இலங்கைக்கு வந்தன. 1902-இல் பெரியாற்றங்கரையில் தட்டேக்காட்டில் தோட்டம் போட்டார்கள். பிறகு நம் மலையடிவாரங்களுக்கும் வந்தது.

பெட்டிக்கு வேறு கதை. பெட்டி வருவதற்கு முன்பு பானையிலும் பொந்து மரத்திலும் ஈயை வைத்து, தேன் வேண்டுமென்றால் அடையைப் பிழிந்து எடுத்தார்கள். புழுவும் சேர்ந்தே நசுங்கும். திருச்சிப் பக்கம் நியூட்டன் என்ற ஏசுசபைப் பாதிரியார் 1910-களில் நம் தேனீக்கு ஏற்ற சிறிய சட்டப்பெட்டியைச் செய்து, வளர்க்கவும் பழக்கினார். மார்த்தாண்டம் அப்போது திருவிதாங்கூரில் இருந்தது. 1920-களில் அங்கே ஒய்.எம்.சி.ஏ. கிராம சேவை மையத்தை நடத்திய அமெரிக்கர் ஸ்பென்சர் ஹேட்ச், கோழி வளர்ப்போடு தேனீ வளர்ப்பையும் ஏழைகளின் வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவந்தார். சட்டத்தை மிஷினில் சுற்றித் தேனை எடுத்துவிட்டு, அடையைத் திரும்ப ஈக்கே கொடுத்துவிடலாம். மார்த்தாண்டம் பெட்டி என்றே ஒரு அளவு பெயர் பெற்றுவிட்டது.

1991-ஐப் பற்றிக் கேட்டபோது பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. கேரளத்திலும் இங்கும் தாய்லாந்து பைப்புழு வைரஸ் பரவிய காலம். அடையின் அறைக்குள்ளேயே புழு நீர்ப்பை மாதிரி ஊதிச் செத்தது. "பெட்டி பூராவும் அடுப்புக்குப் போச்சு" என்றார்.

கிளம்பும்போது என் தோட்டத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் கணக்கு வேறாக இருந்தது. பங்குனி தாண்டினால் இலை முற்றி, காம்பு வறண்டுவிடும். ஆனி, ஆடி மழையில் ஈ பட்டினி. சீனிப்பாகு வைத்து உயிரைக் காப்பாற்றலாம். குஞ்சு வளர மகரந்தம் வேண்டுமே, அது பாகில் கிடையாது. அந்த மாதங்களுக்குத்தான் தென்னையும் துளசியும் தும்பையும் வேண்டும் என்றார்.

தும்பை என்றதும் எனக்குச் சுருக்கென்றது. துளசி, தும்பை, பீ பாம் மூன்றுமே ஒரே குடும்பம். தண்டை உருட்டிப் பார்த்தால் நாலு பட்டை தெரியும். அமெரிக்கச் சொந்தக்காரிக்குப் பாத்தி கட்ட நான் பிடுங்கி எறிந்த களையில் பாதி தும்பைதான்.

இந்த ஆனியில் அது தானாகவே முளைத்து வெள்ளையாகப் பூத்திருக்கிறது. நேற்று மழை விட்ட கொஞ்ச நேரத்தில் ஏழு ஈக்களை எண்ணினேன். உங்கள் புறவாசலிலும் தும்பை நின்றால், பூத்து முடிகிற வரைக்கும் பிடுங்காமல் விடுங்கள்.