போகும் சுமை, வரும் சுமை

நாமக்கல்லில் லாரிக்கு என்ன வேலை என்றாலும் ஒரு சாலையின் நீளத்துக்குள் முடிந்துவிடும். பாடி கட்டுகிறவர், பெயின்ட் அடிக்கிறவர், தார்ப்பாய் தைக்கிறவர், டயருக்கு ரீட்ரெட் போடுகிறவர் என்று வரிசையாக இருப்பார்கள். பட்டைக் கடையை மட்டும் யாரிடமும் விசாரிக்க வேண்டாம். சம்மட்டிச் சத்தம் வந்த பக்கம் நடந்தால் போதும்.

அச்சுக்கும் சேஸிக்கும் நடுவே, வளைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எஃகுத் தகடுகள்தான் பட்டை. பில் புத்தகத்தில் லீஃப் ஸ்பிரிங் என்று எழுதுவார்கள். 1804-இல் லண்டனில் ஒபதையா எலியட் என்பவர் குதிரை வண்டிக்கு ஒரு பட்டை வில் செய்து காப்புரிமை வாங்கினார். குதிரை போய் டீசல் வந்த பிறகும் சுமை தூக்கும் வண்டிகள் அதை விடவில்லை. வண்டியின் பாரத்தைத் தாங்குவது, அச்சை இடம் பிசகாமல் பிடித்துக்கொள்வது என்று இரண்டு வேலையையும் ஒரே பொருள் பார்த்துக்கொள்கிறதே, எப்படி விடுவார்கள்?

நான் போனது பெரிய லாரிகளைப் பார்க்க அல்ல. பிக்கப் வண்டிக்காரர்கள் ‘வண்டி தூக்கி அடிக்குது’ என்று வந்து நிற்கும்போது இந்தக் கடைகளில் என்ன செய்து அனுப்புகிறார்கள் என்று பார்க்க. பெருநகரத்துக் கடைகளில் இதற்குத் தயாராக ஒரு பதில் உண்டு: சிவப்பு, மஞ்சள், நீலம் என்று கண்ணாடிப் பெட்டியில் நிற்கும் ஷாக் அப்சார்பர்கள். விலையைப் பார்த்ததுமே பாதி குலுக்கல் குறைந்துவிட்ட மாதிரி இருக்கும்.

நான் போய் உட்கார்ந்த கடையின் மேஸ்திரிக்கு அறுபதைத் தாண்டிய வயது. கடை என்பது தகரக் கொட்டகை, இரண்டு ஜாக்கி, ஒரு பெரிய வைஸ், தரையில் பாதி புதைத்த பட்டடை. முன்பகல் வெயில் ஏறிய நேரத்தில் ஒரு பிக்கப் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் முட்டை வியாபாரி, நாற்பது வயதிருக்கும். பண்ணையில் ஏற்றி, சுற்றுவட்டாரக் கடைகளுக்கு இறக்குகிற தொழில்.

“தூக்கித் தூக்கி அடிக்குதுங்க மேஸ்திரி. முட்டை ஒடையறது தாங்க முடியல. நல்ல கேஸ் ஷாக்கா நாலு போட்டு உடுங்க.”

மேஸ்திரி பதில் சொல்லாமல் சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு ஷாக்கைத் தொட்டார். பிறகு மறுபக்கம் போய்த் தொட்டார். “தொட்டுப் பாருங்க சார்” என்று என்னைக் கூப்பிட்டார். ஒன்று நன்றாகச் சூடாக இருந்தது. இன்னொன்றில் வெயிலின் வெதுவெதுப்பு மட்டும்தான். பட்டை துள்ளும்போது உள்ளே இருக்கும் எண்ணெயைச் சின்னச் சின்னத் துளைகள் வழியே பிழிந்து, துள்ளலைச் சூடாக மாற்றுவதுதான் ஷாக்கின் வேலை. மேடுபள்ளத்தில் ஓடி வந்த வண்டியில் ஷாக் சூடேறவில்லை என்றால் அது வேலை செய்யவில்லை. சூடில்லாத ஷாக்கின் உடம்பில் எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருந்தது.

“ஒண்ணு செத்துப் போச்சுங்க தம்பி. ஆனா முட்டை ஒடையறது அதனால மட்டுமில்ல. போறப்ப என்ன ஏத்துவீங்க, வர்றப்ப என்ன ஏத்தீட்டு வருவீங்க?”

நான் அங்கே இருந்தவரையில் எந்த வண்டி வந்தாலும் அவர் கேட்டது இதைத்தான். எந்த கம்பெனி வண்டி, எந்த வருஷத்து மாடல் என்பதெல்லாம் அப்புறம்தான். முட்டைக்காரர் போகும்போது இருபதாயிரம் முட்டை வரை ஏற்றுகிறார். முட்டை ஒன்றுக்கு ஐம்பத்தைந்து கிராம் வைத்தால் 1,100 கிலோ. அட்டையின் எடை தனி. வரும்போது காலி அட்டைகள்.

மேஸ்திரி வண்டிக்கு அடியில் படுத்தார். வெளியே வரும்போது அவர் முகத்தில் ஒரு சின்னத் திருப்தி. “வாங்கினப்ப இந்த வண்டி என்ன ஓட்டிட்டு இருந்துச்சு?” செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி. முன்பு வைத்திருந்தவர் ஹாலோ பிளாக் கல் ஓட்டியவராம். பின்பக்கச் செட்டில் பக்கத்துக்கு இரண்டு பட்டை கூடுதலாகச் செருகியிருக்கிறார்கள். அது எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். செட்டை அச்சோடு சேர்த்துப் பிடிப்பது யூ போல்ட். அது கம்பெனி போட்டதாக இருந்தால் நட்டுக்குக் கீழே மரை கொஞ்சம் நீண்டிருக்குமாம். இதில் வேறு நீளமான போல்ட் போட்டும் மரை நுனியோடு நின்றுவிட்டது. செருகிய பட்டைகளின் தடிமனும் வேறு.

இந்தத் தடிமன் விஷயத்தைப் பலரும் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். 8 மில்லிமீட்டர் பட்டை இருந்த இடத்தில் 10 மில்லிமீட்டர் போட்டால் கால்பங்குதானே கூடுதல் என்று தோன்றும். ஆனால் பட்டையின் விறைப்பு தடிமனின் மும்மடியாக ஏறும். எட்டை மூன்று முறை பெருக்கினால் 512, பத்தைப் பெருக்கினால் 1,000. ஆக, விறைப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். கல் ஏற்றியவருக்கு அது வசதியாக இருந்தது. முட்டை ஏற்றுகிறவருக்கு, வேகத்தடை ஒவ்வொன்றும் நேராக அட்டைக்குப் போய்ச் சேர்கிறது.

இதன் கணக்கு எளிமையானது. சுமை ஏறியதும் பட்டை எவ்வளவு அமுங்குகிறது என்பதை வைத்தே வண்டி நொடிக்கு எத்தனை முறை ஆடும் என்று சொல்லிவிடலாம். 12 சென்டிமீட்டர் அமுங்கினால் நொடிக்கு ஏறக்குறைய ஒன்றரை முறை. அது கார் ஓட்டத்துக்கு அருகில் வரும். அதே பட்டை, காலி வண்டியின் எடைக்கு 4 சென்டிமீட்டர்தான் அமுங்குகிறது என்றால் நொடிக்கு இரண்டரை முறை; இடுப்பு கழன்று போகும். காரில் ஆள் ஏறினாலும் இறங்கினாலும் எடை பெரிதாக மாறாது. பிக்கப்பின் பின் அச்சிலோ காலிக்கும் சுமைக்கும் மூன்று மடங்குகூட வித்தியாசம் வரலாம். இரண்டுக்கும் சொகுசாக இருக்கிற ஒரே பட்டை கிடையாது. எதற்காக எதை விட்டுக்கொடுப்பது என்று முடிவு செய்துதான் ஆக வேண்டும். மேஸ்திரியின் கேள்வி அந்த முடிவைத்தான் கேட்கிறது.

வேலை ஆரம்பித்தது. துருவேறிய யூ போல்ட்டுகளில் டீசல் ஊற்றி ஊறவிட்டு, நீளக் குழாய் மாட்டிய ஸ்பேனரால் கழற்றினார்கள். செட்டு தரைக்கு வந்ததும் வைஸில் கவ்வி, நடுவில் எல்லாப் பட்டையையும் கோத்திருக்கும் சென்டர் போல்ட்டை அறுத்தார்கள். பட்டைகள் தனித்தனியாகப் பிரிந்தன. கம்பி பிரஷ் போட்டுத் துருவை உதிர்த்த பிறகு, மேஸ்திரி ஒவ்வொரு பட்டையையும் கயிற்றில் தொங்கவிட்டுச் சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினார். கணீரென்று நீண்டது முதல் பட்டை. இரண்டாவது, ‘டொக்’ என்று செத்தது. சுண்ணாம்புக் கட்டியை மேல்முகத்தில் தேய்த்துத் துடைத்தார். சென்டர் போல்ட் துளையின் ஓரத்திலிருந்து மயிரிழை போல ஒரு வெடிப்பு ஓடுவது தெரிந்தது. பாரம் ஏறும்போது பட்டை நிமிர்ந்து அதன் குழிந்த மேல்முகம் இழுபடுகிறது. துரு அரித்த பள்ளத்திலோ துளையின் ஓரத்திலோதான் வெடிப்பு ஆரம்பிக்கும். யூ போல்ட் தளர்ந்து கிடந்தால் இன்னும் சீக்கிரம்.

மற்ற பட்டைகள் உடையவில்லை, உட்கார்ந்துவிட்டன. வளைவு போய்விட்டது என்று அர்த்தம். சிமென்டுத் தரையில் சாக்பீஸால் ஒரு வளைவு வரைந்தார் மேஸ்திரி. அளவுகோல் எதுவும் எடுக்கவில்லை. முதல் பட்டையை அந்தக் கோட்டின்மேல் வைத்துப் பார்த்து, பட்டடைக்குக் கொண்டுபோனார். பட்டடையின் மேல் இரண்டு மேடு, நடுவில் பள்ளம். பட்டையின் குழிந்த பக்கம் வானத்தைப் பார்க்க இரண்டு மேடுகளின்மேல் வைத்து அவர் பிடித்துக்கொள்ள, ஓர் இளைஞன் சம்மட்டியை இறக்கினான். ஓர் அடிக்கு இரண்டு விரற்கடை பட்டை நகரும். அடி, நகர்த்தல், அடி. சம்மட்டி விழுகிற கணத்தில் மேஸ்திரியின் கை பட்டையை இறுகப் பிடிப்பதில்லை. பிடித்தால் அதிர்ச்சி தோள்வரை ஏறுமாம். பட்டை கோட்டோடு பொருந்தும்வரை தரைக்கும் பட்டடைக்கும் நடந்துகொண்டே இருந்தார்.

காய்ச்சி வளைத்தால் சுலபமில்லையா என்று கேட்டேன்.

“வளையுங்க சார், பதம் போயிருமே. அப்பறம் அது பட்டையில்ல, வெறும் இரும்பு.”

ஆலையில் பட்டையைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்குகிறார்கள். அதன்பின் குறைந்த சூட்டில் மறுபடி பதப்படுத்துகிறார்கள். அப்போது வந்த துள்ளும் குணத்தைக் கேஸ் டார்ச்சின் ஒரு நிமிடச் சூடு அழித்துவிடும். அப்படிச் சூடு காட்டி வேலையைச் சீக்கிரம் முடிக்கிற கடைகளும் உண்டு. சூடு பட்ட பட்டை சில மாதத்தில் மறுபடி உட்காரும், அல்லது பட்ட இடத்திலேயே ஒடியும்.

இன்னொரு நுணுக்கம் எனக்கு அன்றுதான் புரிந்தது. அடுக்கில் கீழே போகப்போகப் பட்டை குட்டையாவது எல்லோருக்கும் தெரியும். குட்டைப் பட்டைக்கு வளைவும் சற்று அதிகம். கோத்து இறுக்கும் முன் பட்டைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தது. சென்டர் போல்ட்டை முடுக்க முடுக்க அந்த வெளிச்சம் மறைந்து, பட்டைகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டன. இந்த நெருக்கம் இல்லாவிட்டால் பாரம் முழுவதும் முதல் பட்டையின் தலையில் விழும்.

சம்மட்டி அடித்த இளைஞன் ஒடிசாவிலிருந்து வந்தவன். ‘போடு’, ‘திருப்பு’, ‘போதும்’ ஆகிய மூன்றும் அவனுக்குச் சுத்தமான கொங்குத் தமிழில் வருகின்றன. காதில் பஞ்சு வைத்திருந்தான். மேஸ்திரியின் காதில் அதுவும் இல்லை. அவரோடு பேச வேண்டுமென்றால் இடது பக்கம்தான் உட்கார வேண்டும். வலது காது போய் வெகுகாலமாயிற்று. மகன் ஈரோட்டில் கணினி வேலையில் இருக்கிறான். அதைச் சொல்லும்போது அவர் குரலில் வருத்தம் எதுவும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

முட்டைக்காரர் வண்டிக்கு அவர் தந்த தீர்வு இது. நடுவில் செருகிய தடிமன் பட்டைகள் வெளியே. வெடித்த இரண்டாம் பட்டைக்குப் புதிது. மொத்தத்தில் கம்பெனி கொடுத்த எண்ணிக்கைக்கே திரும்புவது; அதற்கும் கீழே குறைக்க மாட்டேன் என்றார். பட்டையைக் குறைத்தால் இன்னும் சொகுசாகுமே என்று முட்டைக்காரர் ஆசைப்பட்டது உண்மை. “பண்டிகை நேரத்துல ரெண்டு அட்டை சேத்தி ஏத்துவீங்க. அப்ப அச்சு போயி சேஸியில இடிக்கும். முட்டை மொத்தமும் ஆம்லெட்டுங்க.” பட்டைகளின் நுனியில் கிராபைட் கிரீஸ் தடவினார்கள். பட்டையும் பட்டையும் உரசி ஒட்டிக்கொண்டால் சின்னப் பள்ளங்களுக்கு அவை அசையவே செய்யாது.

பக்கத்தில் நின்ற கொல்லிமலை வண்டிக்கு வைத்தியம் வேறாக இருந்தது. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய், பலாவும் அன்னாசியும் ஏற்றிக்கொண்டு அதே எழுபதில் இறங்குகிற வண்டி. அதன் ஓட்டுநர் சொகுசைப் பற்றி வாயே திறக்கவில்லை. வளைவில் வண்டி சாயக்கூடாது, அவ்வளவுதான். இன்னொரு பட்டை சேர்க்கச் சொன்னார். மேஸ்திரி அதைச் சேர்க்காமல், பட்டையின் முனையில் தேய்ந்திருந்த ஷேக்கிள் புஷ்களை மாற்றி, நான்கு ஷாக்கும் புதிதாகப் போட்டு அனுப்பினார். பட்டை சேர்த்தால் சுமை ஏற்றும் உரிமையும் சேர்ந்து வருகிறது என்ற நம்பிக்கை வண்டிக்காரர்களிடம் ஆழமாக இருக்கிறது. பிரேக்கும் டயரும் அச்சும் பழையதேதான். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாய் தனி. பிடிபடும்போது எத்தனை பட்டை இருக்கிறது என்று எண்ணிப் பார்த்து யாரும் சலுகை தருவதில்லை.

கடைசியில் ஷாக். கேஸ் ஷாக் வேண்டும் என்ற பிடிவாதத்தை முட்டைக்காரர் விடவில்லை. உள்ளே நைட்ரஜன் அடைத்திருப்பதால் மோசமான சாலையில் வெகுநேரம் ஓடும்போது எண்ணெய் நுரைக்காமல் இருக்கும், அது நல்லதுதான். ஆனால் விறைத்த பட்டையை அது இளக்காது. வாங்கும்போது பார்க்க வேண்டியது நீளத்தை என்றார் மேஸ்திரி. நீளம் கூடினால் பள்ளத்தில் ஷாக் அடிவரை போய் முட்டும். குறைந்தால் சக்கரம் தொங்கும்போது இழுத்து அறுந்துவிடும். வண்டிக்கு உரிய நீளத்தில் சாதாரண எண்ணெய் ஷாக்கே இரண்டு எடுத்து, இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றினார். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி கோணலாகக் குதிக்கும். மாட்டுவதற்கு முன் ஷாக்கை நிமிர்த்திப் பிடித்து, கைப் பம்பை அடிப்பது போல மெதுவாக இழுத்து அமுக்கினார். முதல் இரண்டு இழுப்பில் நடுவே பிடிப்பில்லாமல் நழுவியது. உள்ளே காற்று இருக்கிறது. காற்று மேலே ஏறியபின் முழு நீளத்துக்கும் ஒரே சீராகக் கனத்தது.

புஷ் போல்ட்டுகளை வண்டி ஜாக்கியில் இருக்கும்போது இறுக்கவில்லை. சக்கரம் தரையில் ஊன்றி வண்டி தன் எடையில் உட்கார்ந்த பிறகுதான் கடைசி முறுக்கு. தூக்கிய நிலையில் இறுக்கினால் ரப்பர் புஷ் முறுகியபடியே கிடந்து சீக்கிரம் கிழியும். டயர் காற்றையும் பார்த்தார். முழுச் சுமைக்கான காற்றை வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் காலியாக ஓட்டுகிறவர்கள்தான் அதிகமாம்.

வண்டியின் முன்பக்கம் அவர் கையே வைக்கவில்லை. அது பாரபாலிக் பட்டை: நடுவில் தடித்து நுனியில் மெலிந்த தகடுகள், நடுவிலும் நுனியிலும் தவிர எங்கும் தொடாதவை. உரசல் குறைவு, எடை குறைவு, ஓட்டமும் மிருது. “நல்ல சாமான்தானுங்க. ஆனா இதுல எனக்கு வேலையே இல்ல. ஒடஞ்சா கழட்டிப் புதுசு மாட்டறது, அவ்வளவுதான்.” பின்பக்கத்துக்கும் அது பரவினால் பட்டடைக்கு வேலை குறையும். அவர் புதுச் செட்டுகளை வாங்கி அடுக்கி விற்கத் தொடங்கிவிட்டார்.

முட்டைக்காரர் சாலையில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து, இன்னும் கொஞ்சம் ஆடுகிறதே என்றார். காலி வண்டியில் பார்த்தது கணக்கில்லை, முட்டை ஏற்றிப் போய்ப் பாருங்கள் என்றார் மேஸ்திரி. அப்புறம் பேரம். கழற்றிய பட்டைகள் யாருக்கு? அரிவாள் அடிக்கிற கொல்லர்கள் இந்த எஃகைத் தேடி வந்து எடைக்கு வாங்குகிறார்கள். இது இருவருக்கும் தெரியும். கடைசியில் பட்டைகள் கடையிலேயே தங்கின. கூலியில் ஒரு தொகை குறைந்தது. அதிலும் பாதியை அடுத்த வாரம் தருவதாகச் சொல்லிவிட்டு வியாபாரி வண்டியில் ஏறினார். புதிதாகக் கோத்த செட்டு சுமையில் படிந்ததும் யூ போல்ட்டுகள் தளரும். அதை மறுபடி இறுக்கத்தான் அவர் வந்தாக வேண்டும்.

“பணம் வல்லீன்னாலும் பரவால்லீங்க தம்பி, வண்டி வரோணும்” என்று மேஸ்திரி சாலை வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.