ஆள் உரு

"கிட்னி தனியா இல்ல தம்பி. ஆள் உரு இருக்கு, அதுல எல்லாம் அடக்கம்" என்றார் கடைக்கார அம்மா.

வைத்தீஸ்வரன் கோவில் வாசலில் நின்றிருந்தோம். தட்டில் கை, கால், கண் என்று சின்னச் சின்னத் தகடுகள். வெள்ளி என்று பெயர். ஊதினால் பறந்துவிடும்போல மெல்லிசு. எங்கே வலிக்கிறதோ அந்த உறுப்பை வாங்கி உண்டியலில் போட வேண்டும். கூடவே உப்பும் மிளகும், குளத்தில் கரைக்க வெல்லமும். சம்பந்தரும் அப்பரும் புள்ளிருக்குவேளூர் என்று பாடிய ஊர் இது. இங்கே சிவனுக்குப் பெயரே வைத்தியநாதர்.

அப்பாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்த வாரம் அம்மா வேண்டிக்கொண்டாள். அப்பா போய் ஏழு மாதம் ஆகிறது. பஸ்ஸில் வரும்போதே கேட்டுவிட்டேன். "குணமாகலையே, அப்புறம் எதுக்கும்மா போடணும்?"

"குணமானா போடுறேன்னு நான் சொல்லவே இல்லையே. போடுறேன்னுதான் சொன்னேன்."

நேர்த்திக்கடன் என்ற சொல்லில் எனக்குக் கேட்டதெல்லாம் 'கடன்' மட்டும்தான். சரக்கே வராதபோது பணம் எதற்கு என்கிற கணக்கு. அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கிரேக்கத்தில் கொரிந்து என்ற பழைய நகரத்தில் அஸ்கிலேப்பியஸ் என்ற மருத்துவக் கடவுளுக்கு ஒரு கோவில் இருந்தது. 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தொல்லியலாளர்கள் அங்கே தோண்டியபோது சுடுமண்ணால் செய்த கை, கால், காது, மார்பகம் எல்லாம் குவியலாகக் கிடைத்தன. கிட்டத்தட்ட 2,400 வருஷத்துப் பழசு. பல உறுப்புகள் நிஜ அளவிலேயே இருக்கின்றன. படங்களைப் பார்த்தபோது, ஏதோ பொம்மைப் பட்டறை என்றுதான் முதலில் நினைத்தேன். அவற்றில் பெரும்பாலானவற்றில் நோயின் சுவடே இல்லை. அதனால் கேட்டு வைத்ததா, கிடைத்ததற்கு வைத்ததா என்று உறுப்பைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. ஒரு மண் காலைப் பார்த்து, அதைக் கொண்டுவந்தவர் நடந்து வந்தாரா, தூக்கிக்கொண்டு வந்தார்களா என்று எப்படிச் சொல்வது?

பஸ்ஸில் அம்மா சொன்ன பதிலும் அப்படித்தான் இருந்தது. டயாலிசிஸுக்குப் பிறகு அப்பா பதினாலு மாதம் இருந்தார். தங்கச்சி கல்யாணத்துக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடியே எல்லாரையும் அதட்டினார். அம்மா அதைக் கணக்கில் சேர்த்திருக்கிறாளா என்று நான் கேட்கவில்லை.

ஆள் உருவை ஒரு தாளில் மடித்துக் கொடுத்தார் கடைக்கார அம்மா. நான் பர்ஸைத் திறந்தேன்.

"இரு. ஒரு ஜோடி கண்ணும் குடுங்க" என்றாள் அம்மா.

"கண்ணு யாருக்கும்மா?"

"எனக்குத்தான். இடது கண்ணு ஒரு வருஷமா மங்கலா இருக்கு."

ஒரு வருஷம் என்றால், அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த மாதங்களும் அதில் சேரும். ராத்திரி மருந்துச் சீட்டுகளை என்னிடம் நீட்டி, "நீயே படிச்சுச் சொல்லு, எனக்கு தூக்கம் வருது" என்பாள்.

"எங்கிட்ட சொல்லவே இல்லையே!"

"செருப்ப இங்கயே விட்டுட்டு வா" என்று சொல்லிவிட்டு, வாசற்படியைக் காலால் தடவிப் பார்த்து ஏறினாள்.