கையில் திரி, உடம்பில் சாட்டின்

வண்டியூரில் அந்தத் தெருவுக்குள் நுழைந்தபோது கொடியில் காடாத் துணி காய்ந்துகொண்டிருந்தது. சித்திரைத் திருவிழாவுக்கு இன்னும் மூன்று வாரம். பத்து மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது.

"மொதல்ல கஞ்சி போகணும் தம்பி. கஞ்சியோட சுருட்டுனா எண்ணெய் உள்ள எறங்காது. மேலாப்புல ஊறி, பத்த வச்சதும் பொசுக்குனு எரிஞ்சிரும்" என்றார் பெரியவர். கள்ளழகருக்கு நேர்ந்துகொண்டு முப்பது வருஷத்துக்கு மேலாகத் திரியெடுப்பவர். தெருவில் இன்னும் ஐந்தாறு பேருக்கும் இவர் கையால் சுருட்டிய திரிதான்.

அழகருக்கு வேடமிடும் அடியவர்களைத் தொ. பரமசிவன் தம் 'அழகர் கோயில்' ஆய்வு நூலில் வகை பிரித்துச் சொல்லியிருக்கிறார். திரியெடுத்து ஆடுவோர் உண்டு, திரியின்றி ஆடுவோர் உண்டு, சாட்டையடித்து ஆடுவோர் உண்டு, துருத்திநீர் தெளிப்போரும் உண்டு. நெருப்பும் தண்ணீரும் ஒரே கூட்டத்தில் நடப்பது எனக்கு அதைப் படித்த நாளிலிருந்தே உறுத்திக்கொண்டிருந்தது.

போனதற்குச் சொந்தக் காரணமும் உண்டு. கல்லூரி விழா ஒன்றில் தீப்பந்தம் சுற்றியவன் நான். மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை என்று யாரோ வண்டியிலிருந்து பெட்ரோல் பிடித்து வந்தார்கள். பந்தத்தை முதல் சுற்றுச் சுற்றியதுமே நெருப்புத் துளி மணிக்கட்டில் விழுந்தது. நண்பர்கள் பாய்ந்து வந்து பற்பசை தடவினார்கள். தழும்பு இன்னும் இருக்கிறது. குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் கையைக் காட்டியிருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது என்று பிறகு மருத்துவர் சொன்னார்.

தழும்பைப் பார்த்துவிட்டுப் பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. காய்ந்த துணியை மடித்துத் திண்ணையில் போட்டு, முழங்காலால் அழுத்திக்கொண்டு சுருட்ட ஆரம்பித்தார். சுருட்டு தளர்ந்திருந்தால் எரியும்போது ஏடு ஏடாகப் பிரிந்து தீத்துண்டு கூட்டத்தில் விழுமாம். சுருட்டியபின் நூலால் கட்டு. விரற்கடை இடைவெளிகூட விடவில்லை.

"நூலும் எரிஞ்சிருமேண்ணே?"

"நுனில இருக்கது எரியும். அடுத்த கட்டு பிடிச்சுக்கிரும். அதுக்குத்தான இத்தன கட்டு."

ராத்திரி முழுக்க நல்லெண்ணெயில் ஊறவேண்டும். காலையில் எடுத்துத் தலைகீழாகத் தொங்கவிட்டு, சொட்டுவது நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். அவசரக்காரர்கள் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான் என்றார். பிடிக்கிற பாகத்தில் எண்ணெயே படக்கூடாது, அங்கே ஈரத்துணி சுற்றிக்கொள்வார். திரியை நட்டமாகப் பிடித்தால் சூடான எண்ணெய் முழங்கைவரை வழியும். அதனால் உடம்பை விட்டு வெளியே சாய்த்துப் பிடிப்பது. சொல்லிக்கொண்டே வெறுந்திரியை என் கையில் கொடுத்து, என் மணிக்கட்டைத் திருப்பிவிட்டார். பத்து நிமிஷத்தில் தோள் கடுத்தது.

எண்ணெய் விஷயத்தில் அவர் பிடிவாதக்காரர். அந்தப் பிடிவாதத்துக்கு இரசாயனமும் சாட்சி சொல்கிறது. பெட்ரோலின் ஆவி, தண்ணீரின் உறைநிலைக்கு 40 டிகிரி கீழேகூடப் பொறி பட்டால் பற்றும். மண்ணெண்ணெய் ஏறக்குறைய 35 டிகிரிக்கு மேல். மதுரையில் சித்திரை வெயில் 40-ஐத் தொடும் நாட்கள் உண்டு, அன்று திறந்த மண்ணெண்ணெய்க் கேனும் அப்பாவி அல்ல. நல்லெண்ணெயோ 250 டிகிரியைத் தாண்டினால்தான் அந்த நிலைக்கு வரும். திரியின் துணை இல்லாமல் சும்மா கொளுத்தினால் எரியாது. சாமிக்கு உகந்தது என்று அவர் சொல்கிறார். நிதானமான நெருப்பு என்று நான் எழுதிக்கொண்டேன்.

வாயில் எண்ணெய் வைத்து ஊதுவதைக் கேட்டேன். முகத்தைச் சுளித்தார். "அது சர்க்கஸு." சரிதான். அந்த எண்ணெய் கொஞ்சம் மூச்சுக்குள் போனாலும் நுரையீரல் புண்ணாகிப்போகும்.

வெளிநாட்டில் தீ விளையாட்டுக் கலைஞர்கள் கெவ்லார் நாடாவைத் திரியாகச் சுற்றுகிறார்கள். ஆடுபவர் பக்கத்தில் ஈரத் துண்டோடு ஒருவர் நின்றே ஆகவேண்டும் என்பது அவர்களிடையே விதி. வண்டியூரில் அந்த ஆள் துருத்திநீர் தெளிப்பவர்தான், அவர் தோளில் தோப்பரை தொங்கும். ஆட்டுத்தோல் பை, நுனியில் குழல், உள்ளே தண்ணீர். ஆடை பற்றினால் ஒரு பீய்ச்சில் அணைத்துவிடலாம். எரிகிற எண்ணெய்ச் சட்டியில் மட்டும் பீய்ச்சக்கூடாது, தண்ணீர் பட்டதும் எண்ணெய் வெடித்துச் சிதறும், நன்றாகப் பிழிந்த ஈரச்சாக்கைப் போட்டு மூடவேண்டும். நடுவில் சிலர் அழகர்மேல் நீர் தெளிக்கத் தோப்பரையை விட்டுவிட்டு விசைப்பம்புக்குப் போனார்கள். 2024-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அதற்குத் தடை போட்டது. எனக்கு அதில் மகிழ்ச்சி.

கிளம்பும் நேரத்தில் பெரியவரின் பேரன் புது வேடத்தை எடுத்துவந்தான். கல்லூரி முதல் வருஷம், இந்த ஆண்டுதான் முதல் நேர்த்தி. உருமால், சல்லடம், சட்டை, எல்லாம் பளபளக்கும் சாட்டின், ஓரம் முழுக்கச் சரிகை. அழகர் வேடம் தைப்பதில் பேர்போன புதுமண்டபத்துத் தையற்காரர்கள் குன்னத்தூர் சத்திரத்துக்கு இடம் மாறியபின்னும் கூட்டம் அவர்களைத் தேடித்தான் போகிறது. ஆனால் பருத்தி கேட்டு வருபவர் குறைவு. வாங்குபவருக்குப் பளபளப்பு வேண்டும், விலையும் குறைய வேண்டும். தைப்பவரை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை.

சட்டையின் உள்மடிப்பிலிருந்து ஒரு நூலை உருவினேன். காடாவிலிருந்து ஒன்று. பெரியவர் தீக்குச்சி கிழித்தார். காடா நூல் எரிந்து சாம்பலாக உதிர்ந்தது. சாட்டின் நூல் சுருண்டு உருகி, கறுத்த குண்டுமணியாக இறுகியது. உடம்பில் இது உருகினால் தோலோடு ஒட்டிக்கொள்ளும், பிய்த்தால் தோலும் சேர்ந்து வரும். ஒட்டியதை அப்படியே விட்டு, அதன் மேலேயே தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டியதுதான்.

பெரியவர் அந்தக் குண்டுமணியை விரலில் உருட்டிப் பார்த்தார். பேரனிடம் கொடுத்தார்.

"நீ இந்த வருசம் தோப்பரை எடுறா. என் பக்கத்துலயே நில்லு."

பையன் முகம் சுண்டிப்போனது. அடுத்த வருஷத்துக்குக் காடாவில் ஒரு வேடம் தைக்க அளவு கொடுத்தாயிற்று.