நாலாக மடித்த சீட்டு

கும்பகோணம்,
ஞாயிறு மதியம்.

அன்புள்ள சரவணா,

அம்மாவுக்கு முட்டிவலி முன்னைக்குப் பரவாயில்லை. படி ஏறாதே என்றால் கேட்கிறாளா? வடாம் காயவைக்கிறேன் என்று தினம் மாடிக்குப் போய்விடுகிறாள். நீ போன் பண்ணும்போது கொஞ்சம் அதட்டு. உனக்குத்தான் பயப்படுவாள்.

போன மாதம் வந்தபோது கட்டிலுக்கடியில் ஒரு நோட்டை விட்டுவிட்டுப் போனாய். படித்துவிட்டேன். கோபப்படாதே. அட்டையில் கொட்டை எழுத்தில் 'அவலான் கணக்கு' என்று எழுதி வைத்தால், ப்ளஸ் டூவுக்குக் கணக்கு நடத்துகிறவள் தொடாமல் இருப்பாளா? இதை வாட்ஸாப்பில் சொன்னால் ஒரு கட்டைவிரலைப் போட்டு முடித்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

கடைசிப் பக்கத்தில், "40 ஆட்டம், 20 வெற்றி, நான் சராசரி, விட்டுவிடலாமா?" என்று எழுதியிருக்கிறாய். அதைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. சின்ன வயதிலும் இப்படித்தான். பரீட்சையில் மொத்த மார்க்கை மட்டும் பார்ப்பாய், எந்தக் கேள்வியில் போனது என்று பார்க்கவே மாட்டாய். உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். நீங்கள் ஏழு பேர் ஆடுகிற அவலானில் யார் எந்தப் பக்கம் என்பது ரகசியச் சீட்டில் வரும், நல்லவர் நாலு, கெட்டவர் மூன்று. உனக்கு 23 ஆட்டத்தில் நல்லவன் சீட்டு, 17 ஆட்டத்தில் கெட்டவன் சீட்டு. கெட்டவனாக 11 ஜெயித்திருக்கிறாய், நல்லவனாக 9 தான். ஆக, உன் சராசரிக்குள் இரண்டு வேறு சரவணன்கள் இருக்கிறார்கள்.

உடனே, 'நான் பொய் சொல்வதில் கெட்டிக்காரன்' என்று காலரைத் தூக்கிக்கொள்ளாதே. ஒரு நாணயத்தை 17 தடவை சுண்டினால், ஏறக்குறைய ஆறில் ஒரு தரம் 11 அல்லது அதற்கு மேலே தலை விழும். அதற்காக நாணயத்தைக் கெட்டிக்கார நாணயம் என்போமா? இன்னும் இரண்டு பேர் உன் பக்கம் ஆடுகிறார்கள். அவர்கள் உன்னைத் தோளில் சுமந்திருக்கலாம். வெற்றி தோல்வி கூட்டத்தோடு வருவது. இவ்வளவு குறைந்த ஆட்டத்தில் அது உன்னைப் பற்றி அதிகம் சொல்லாது.

ஆனால் நல்லவன் பக்கத்து 23-இல் ஒரு விஷயம் இருக்கிறது. அதில் ஐந்து தடவை நீ மெர்லின், அதாவது கெட்டவர் யார் யாரென்று முதலிலேயே தெரிந்தவன். அந்த ஐந்திலும் தோல்வி. இரண்டில் குவெஸ்டே, அதாவது நல்லவர் முடிக்கவேண்டிய காரியமே, கைவிட்டுப் போயிற்று. மூன்றில் உங்கள் பக்கம் மூன்று குவெஸ்டையும் முடித்துவிட்டது, கடைசியில், மெர்லினைக் கண்டுபிடித்தால் ஜெயித்துவிடுகிற கெட்டவர் பக்கத்துக் கொலையாளி உன்னைச் சரியாகச் சுட்டிக் காட்டிவிட்டான். நாலு நல்லவரில் குருட்டாம்போக்கில் ஒருவரைச் சுட்டினால் நாலில் ஒன்று. மூன்று முறையும் அப்படியே அமைய 64-இல் ஒன்று. அவன் குருடன் இல்லையடா, நீ வெளிச்சம் போட்டுக் காட்டுகிறாய்.

எப்படி என்று நீயே எழுதி வைத்திருக்கிறாய். குவெஸ்டுக்கு எந்த டீம் போவது என்று மெர்லினாக நீ போட்ட ஓட்டுகளைப் பார். கெட்டவன் இருக்கிற டீம் ஒன்றுக்குக்கூட நீ சம்மதிக்கவில்லை. ஒரு ஓட்டுகூடத் தப்பில்லை, தப்பே அதுதான். ஒன்றும் தெரியாதவன் இடையிடையே ஏமாறுவான். முதல் குவெஸ்டுக்கு இரண்டே பேர்தான் போகிறார்கள். ஐந்து குவெஸ்டில் மூன்று ஜெயித்தால் போதும். முதலாவதில் ஒரு சந்தேக டீமுக்குத் தலையாட்டினால் குடி முழுகிப் போகாது.

இதைப் படித்தபோது எனக்கு நம் வீட்டு ரேழி ஞாபகம் வந்தது. ராஜா, மந்திரி, போலீஸ், திருடன். பாட்டி, அத்தை பையன், நீ, நான். பாட்டி புளியங்கொட்டையை வைத்துப் பாயிண்ட் எண்ணுவாள். ராஜாவும் போலீஸும் வெளியே சொன்னபிறகு மீதி இருவரில் திருடன் யார் என்று போலீஸ் சொல்லவேண்டும். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே பாதி சரியாக வரும். நான் போலீஸானால் உன் விஷயத்தில் தவறவே மாட்டேன். அக்காவுக்கு முகம் பார்த்தே தெரியும் என்று நீ ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாய். இத்தனை வருஷம் கழித்து உண்மையைச் சொல்கிறேன். உன் முகத்தை நான் பார்த்ததே இல்லை. திருடன் வந்தால் நீ சீட்டை நாலாக மடித்து, நகத்தால் ஓரம் நீவி, தொடைக்கடியில் வைப்பாய். மந்திரி வந்தால் அப்படியே கசக்கி உள்ளங்கையில் வைத்துக்கொள்வாய். அவ்வளவுதான் என் சாமர்த்தியம்.

முகம் பார்த்துப் பொய் கண்டுபிடிப்பது யாருக்குமே பெரிதாக வருவதில்லை என்று பிறகு படித்தேன். பாண்ட், டிபோலோ என்ற இருவர் 2006-இல் ஏராளமான ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். உண்மையா பொய்யா என்று மனிதர்கள் சரியாகச் சொல்வது சராசரியாக நூற்றுக்கு 54 தானாம். நாணயத்தைவிட நாலு தேவலை. நீ விளையாடுகிற வகை ஆட்டத்தின் ஆதியான 'மாஃபியா'வை 1980-களில் டிமிட்ரி டேவிடாஃப் என்பவர் உருவாக்கியதே மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையில்தான். சங்கதி தெரிந்த சிலருக்கும் தெரியாத கூட்டத்துக்கும் நடுவே என்ன ஆகும் என்பதுதான் விளையாட்டே. அப்படியிருக்க, நீ ஏன் கண்ணைக் கண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய்? சீட்டை எப்படி மடிக்கிறார்கள் என்று பார். அதற்கு முன்னால் நீ எப்படி மடிக்கிறாய் என்று பார்.

சொல்லத் தயங்கிய விஷயத்துக்கு வருகிறேன். மெர்லினாக இல்லாமல் நல்லவனாக ஆடிய 18 ஆட்டத்தில், முதல் சந்தேகம் யார்மேல் என்று ஒரு கட்டம் போட்டிருக்கிறாய். மற்ற ஆறு பேரில் மூன்று பேர் கெட்டவர், அதனால் இங்கேயும் கண்ணை மூடிக்கொண்டால் பாதி. 18-இல் உனக்கு 8 தான் சரி. ஆனால் அந்த 18-இல் 10 தடவை ஒரே பேர். புதிதாகச் சேர்ந்தாளே, பேசவே மாட்டாள் என்று சொன்னாயே, அந்தப் பெண். பத்தில் மூன்று முறைதான் அவளிடம் கெட்ட சீட்டு. மற்றவர்களைச் சந்தேகப்பட்ட எட்டில் ஐந்து சரி.

பத்துக்கு மூன்று என்பது தற்செயலாகவும் வரும், அதை விட்டுவிடு. ஆனால் ஆறு பேரை மாற்றி மாற்றிச் சுட்டியிருந்தால் அவள் முறை சுமார் மூன்று தடவைதான் வந்திருக்கும். பத்து தடவை வந்தது சீட்டுக் குலுக்கியதால் இல்லை. சீட்டு எது வருகிறது என்பது உன் கையில் இல்லை, விரலை யார் பக்கம் நீட்டுகிறாய் என்பது உன் கையில்தான் இருக்கிறது. நோட்டில் எண்ணவேண்டியது அதைத்தான். ஜெயிப்பது திறமையாலா என்று தெரிய நூற்றுக்கணக்கில் ஆடவேண்டும். நாம் என்ன செய்கிறோம் என்பது இருபது ஆட்டத்திலேயே தெரிந்துவிடும்.

பேசாமல் இருப்பவர்தான் செய்திருப்பார் என்பது எங்கிருந்து உனக்கு வந்தது சரவணா? அப்பாவின் ஹீரோ பேனாவுக்காகக் கூடத்தில் விசாரணை நடந்தபோது வாயைத் திறக்காமல் நின்றது யார், வாய் கிழியப் பேசித் தப்பித்தது யார்? அதைக் கிளறாதே என்பாய். கிளறவில்லை. அந்தப் பெண்ணைச் சுட்டுவதற்குமுன் ஒரு நிமிஷம் அந்தக் கூடத்தில் போய் நின்றுவிட்டு வா என்கிறேன், அவ்வளவுதான்.

இனி நோட்டில் மூன்றே கட்டம் போதும். யாரைச் சந்தேகப்பட்டாய், எதனால், நூற்றுக்கு எவ்வளவு நிச்சயம். சீட்டுத் திறப்பதற்குமுன் எழுதவேண்டும். திறந்தபிறகு எழுதினால், 'அப்பவே தெரியும்' என்று மனசு ஏமாற்றும். 90 என்று போட்டவை பத்துக்கு ஒன்பது சரியாக வருகிறதா என்று மாதம் ஒரு தரம் பார். வரவில்லையென்றால் 70 என்று எழுதப் பழகு. நண்பர்களுக்குத் தனித்தனியாகக் குற்றப்பதிவேடு மட்டும் தொடங்காதே. சனிக்கிழமை சாயங்காலம் சேர்ந்து சிரிக்கத்தானே ஆடுகிறீர்கள்? ராத்திரி பன்னிரண்டுக்குமேல் ஆடியவற்றில் கையெழுத்தே கோழி கிளறியதுபோல் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு ஆடு, நேரத்தோடு படு.

நோட்டைப் பார்சலில் அனுப்பவில்லை. நீ வந்து வாங்கிக்கொள். அத்தை பையனும் வருகிறான், அம்மாவைப் பாட்டி இடத்தில் உட்காரவைத்துச் சீட்டுக் குலுக்கலாம். திருடன் வந்தால் கசக்கிக் கையில் வைத்துக்கொள், மடிக்காதே. சொல்லிக்கொடுத்துவிட்டேன். இனி உன்னைப் பிடிக்க நான்தான் வேறு வழி தேடவேண்டும்.

அன்புடன்,
அக்கா